விலகி நீந்தும் மீன்கள்

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். புதிதாக மீன் தொட்டி வைத்திருக்கிறான். "சித்தி, பத்து நியான் டெட்ரா வாங்கி விட்டேன். முதல் வாரம் அணிவகுப்புப் போல ஒன்றாகச் சுற்றின. இப்போது ஆளுக்கொரு பக்கம் திரிகின்றன. கடையில் கேட்டால், ஓர் ஏஞ்சல் மீனை விடுங்கள், தானாகச் சேர்ந்துகொள்ளும் என்கிறார்கள். விடலாமா?" என்று கேட்டான். "விடாதே" என்றேன். ஏன் என்றான். அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஏதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆலோசனையை ஒரு கடைக்காரர் எனக்கும் சொன்னார். நான் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நின்ற நிலையில் தொலைபேசியில் சொல்லிவிட முடியாது. அவனுக்காகவும், இதே கேள்வியோடு கடைக்குப் போகப்போகிற வேறு யாருக்காவதும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். கூடத்தில் மூன்றடித் தொட்டி. அதில் உடம்பில் நீலக்கோடு ஓடும் சிறுமீன்களான நியான் டெட்ராக்கள் 18, அடியில் மணலைக் கிளறிக்கொண்டு ஆறு கோரிடோராஸ் கெளுத்திகள். டெட்ராக்களில் இரண்டு செடிகளுக்கிடையில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வேர்க்கட்டையின் அடியில் எதையோ கொத்தும். நான்கைந்து நடுவில் சும்மா நிற்கும். மற்றவை எங்கே என்று தேடவேண்டும். வந்தவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். நூறு நீலக்கோடுகள் ஒரே கணத்தில் இடப்பக்கம் திரும்பி, மறுகணம் வலப்பக்கம் திரும்பும் காட்சியை எங்காவது பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்த ஏமாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தக் காட்சிக்கு ஆசைப்பட்டுத்தான் தொட்டி வைத்தேன்.

ஜோடிக் கணக்கு

எங்கள் ஊரில் அலங்கார மீனுக்கு ஜோடிக்குத்தான் விலை. அலங்கார மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூரில் எந்தக் கடை வாசலில் நின்று கேட்டாலும் "ஜோடி அறுபது", "ஜோடி நூறு" என்றுதான் பதில் வரும். ஒற்றையாக ஒரு மீன் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ஏழு என்று கேட்டால் எட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். நான் முதலில் வைத்த இரண்டடித் தொட்டி முழுக்க இந்தக் கணக்கில் நிரம்பியதுதான். ஆறு வகை, வகைக்கு ஒரு ஜோடி. நியான் டெட்ரா இரண்டு, டைகர் பார்ப் இரண்டு, வரிக்குதிரை மீன் இரண்டு, பிளாட்டி, மோலி, கௌராமி. பலவகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கு நிறம் நிறைந்திருந்தது. ஆனால் ஒருவருக்கும் ஒருவரைத் தெரியாத கல்யாண மண்டபம் போல எப்போதும் ஒரு பதற்றம் அதில் இருந்துகொண்டே இருந்தது.

டைகர் பார்ப்கள் எட்டு பத்தாக இருந்தால் தங்களுக்குள் சண்டையிட்டுத் தங்களுக்குள் முடித்துக்கொள்ளும். இரண்டாக இருந்ததால் அந்த வேகம் முழுவதும் கௌராமியின் துடுப்புகளில் இறங்கியது. நியான் ஜோடி நுரைப்பஞ்சு வடிகட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. உணவு போடும்போதுகூட மற்றவை தின்று முடித்த பிறகே எட்டிப் பார்க்கும். மூன்று வாரத்தில் ஒன்று இறந்தது. மற்றொன்று இரண்டு மாதம் இருந்தது. மாலையில் விளக்கு போட்டால் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் அதன் பிம்பம் விழும். அந்தக் கண்ணாடியை ஒட்டியே அது மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். அது எதைத் தேடியது என்று எனக்குத் தெரியாது. மீனின் மனதுக்குள் என் மனதைப் போட்டுப் பார்க்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ஜோடி என்பது மனிதர்கள் போட்ட கணக்கு. நியான் டெட்ரா அப்படி வாழ்கிற மீன் இல்லை. பெருவில் அமேசானின் மேல்பகுதி ஓடைகளில், மரநிழலில், உதிர்ந்த இலை ஊறித் தேநீர் நிறமான தண்ணீரில் கூட்டமாகத் திரிவது. 1936இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். விரல்கணு அளவு உடம்பில் அந்த நீலக்கோடு எதற்கு என்பது அப்படிப்பட்ட கலங்கிய வெளிச்சத்தில் பார்த்தால்தான் விளங்கும். கோட்டில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. தோலின் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய படிகத் தகடுகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் அந்த நிறம். இரவில் விளக்கை அணைத்து அரைமணி கழித்துக் கைவிளக்கை அடித்தால் கோடு மங்கி, மீனே வெளுத்துப்போய் இருக்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள்.

பன்னிரண்டு

அந்த ஒற்றை மீன் இறந்தபின் எட்டு மாதம் தொட்டியைக் காயப்போட்டிருந்தேன். மீண்டும் தொடங்கியபோது ஒரே ஒரு முடிவோடு தொடங்கினேன்: நடுநீரில் ஒரே வகை மீன், எண்ணிக்கையில் பத்துக்கு மேல். மூன்றடித் தொட்டி வாங்கினேன். சுமார் 150 லிட்டர். மீன்கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்காக மீனில்லாமல் ஒரு மாதம் வடிகட்டியை ஓடவிட்ட கதையெல்லாம் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. வாளி வைத்தால் இரண்டு நாளில் வெள்ளை வளையம் படியும். அதனால் வீட்டில் குடிப்பதற்குச் சுத்திகரிக்கும் நீரை அதோடு பாதிக்குப் பாதி கலந்தேன். தெருமுனையில் நிற்கிற நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த சருகுகளை அப்பா காலை நடைப்பயிற்சி முடித்து வரும்போது எடுத்துவருவார். நன்றாகக் காய்ந்த, புழுதி கழுவிய இலைகளில் இரண்டைத் தொட்டியில் போட்டால் நான்கு நாளில் தண்ணீர் தேநீர்போல மாறிவிடும். அதில்தான் அந்த நீலம் எடுக்கும்.

பன்னிரண்டு மீன்கள் வந்தன. அந்த முதல் வாரத்தை நான் மறக்கமாட்டேன். பிளாஸ்டிக் பையிலிருந்து இறங்கியவுடனே பன்னிரண்டும் ஒன்றாகத் திரண்டன. ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பின. நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. யாராவது அறைக்குள் வந்தால் அந்த நீலம் அப்படியே ஒரு துணியை உதறியதுபோல மடிந்து தொட்டியின் மறுகோடிக்குப் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மாலையில் பள்ளி விட்டதும் பையோடு வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கைப்பேசியில் நான் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. இதற்குத்தானே இத்தனை பாடு என்று மனம் நிறைந்துபோயிருந்தது.

மூன்றாவது வாரம் அது கலைந்தது. முதலில் ஒன்றிரண்டு விலகின. பிறகு எல்லாமே அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கின. ஆண்மீன்கள் இரண்டு, துடுப்பை விரித்து ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் நின்று பெரிதாகக் காட்டிக்கொள்ளும். சிறிது நேரம் வட்டமிட்டுவிட்டுப் பிரிந்துவிடும். நிறம் மங்கவில்லை. நன்றாகத் தின்றன. ஒன்றுகூட நோய்ப்படவில்லை. ஆனாலும் எனக்கு ஏதோ கெட்டுப்போனதுபோல இருந்தது. தண்ணீரைச் சோதித்தேன். மீனுக்கு நஞ்சான அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. வெப்பநிலை 26 டிகிரி. மீன்களுக்கு எந்தக் குறையும் இல்லாதபோது குறை எனக்குத்தான் இருந்தது என்பதை அன்று நான் யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்காமல் கடைக்குப் போனேன்.

"அதுங்களுக்குப் பயமே இல்லை அக்கா" என்றார் கடைக்காரர். "ஒரு ஏஞ்சல் விடுங்கள். நாளைக்கே ஒன்றாகிவிடும்." அவர் மனதில் கள்ளம் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். சொன்னது உண்மையும்கூட.

பருந்து

உள்ளங்கையில் பாதி அளவில், வெள்ளியில் கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல் மீன். நிறுத்தி வைத்த இலைபோல உடம்பு. அதைத் தொட்டியில் விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, பன்னிரண்டு நியான்களும் திரண்டுவிட்டன. முதல் வாரத்தில் பார்த்ததைவிட இறுக்கமாக, அதைவிட அழகாக. ஏஞ்சல் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தால் அந்த நீலத்திரள் வலப்பக்கம் நழுவும். இவை கடைக்குப் பண்ணைகளிலிருந்து வருகிறவை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளில் பிறந்தவை. அமேசான் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவற்றின் பாட்டிக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த உருவத்தின் முன்னால் என்ன செய்யவேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

நான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு, செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முசிறிப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவர் அவர். வீட்டில் எப்போதும் கோழி இருந்திருக்கிறது. "ஏம்மா, மேலே பருந்து வட்டமிட்டால் கோழிக்குஞ்சுகள் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும்" என்றார். "அவையாவது தாய்க்கோழியின் இறக்கைக்குள் ஓடிவிடும். இவை எங்கே போகும்?" எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காட்சி அவ்வளவு அழகாக இருந்தது. "இல்லையப்பா, இது இவற்றின் இயல்பு, கூட்டமாக இருக்கத்தான் பிறந்தவை" என்று பதில் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு படித்தார்.

அந்த நாட்களில் கவனித்திருக்க வேண்டியவை என் கண்முன்னாலேயே நடந்தன. உணவு போட்டால் துகள்கள் அந்தத் திரளைக் கடந்து கீழே இறங்கும். ஓரத்தில் இருக்கிற மீன் ஒன்று கழுத்தை நீட்டுவதுபோல அரை அங்குலம் முன்வரும், உடனே பின்வாங்கிவிடும். பாதித் தீனி மணலில் விழுந்து கோரிடோராஸ்களுக்குப் போயிற்று. ஆண்மீன்கள் துடுப்பு விரித்துப் பெருமை காட்டியது நின்றுபோனது. வேர்க்கட்டையின் அடியில் கொத்த ஒன்றும் போகவில்லை. தொட்டி 150 லிட்டர்தான் என்றாலும் அவை அதில் ஒரு பந்து அளவு இடத்தில்தான் வாழ்ந்தன.

ஐந்தாம் நாள் எண்ணினேன், பதினொன்று. செடிக்குள் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள் பத்து. மூடியைத் தாண்டிக் குதித்திருக்குமோ என்று சோபாவை நகர்த்தித் தேடினேன். வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்கச் சமையலறை விளக்கைப் போட்டேன். அந்த வெளிச்சம் கூடத்தில் கொஞ்சம் விழுந்தது. ஏஞ்சல் தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு சிறிய வால் வெளியே நீண்டிருந்தது. வெளுத்துப்போன இரவுநிறத்தில் இருந்த மற்ற ஒன்பதும் எதிர்மூலையில், செடியின் அடியில், ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோல நின்றன. நான் ஒன்பது நாளாகப் பார்த்துப் பூரித்த அதே திரள்தான் அது. எதன் திரள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏஞ்சலைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் அமேசானில், நீர்ச்செடித் தண்டுகளுக்கும் மூழ்கிய கிளைகளுக்கும் இடையில் மெல்லிய உடம்பை நுழைத்துக் காத்திருந்து சிறுமீன் தின்று வாழ்கிற மீன். அதன் வாய்க்குள் போகிற அளவு மீனை அதன் வீட்டில் கொண்டுபோய் வைத்தது நான். அன்று மாலையே ஐந்தடித் தொட்டியில் பெரிய மீன்கள் வளர்க்கும் தோழி ஒருத்தியிடம் அதைக் கொடுத்துவிட்டேன். இப்போது அது கையகலம் வளர்ந்து நன்றாக இருக்கிறது.

குளக்கரைத் தவளைகள்

அதன்பின் ஒரு மாதம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று ஒரு கற்பனைக் குளத்தோடு தொடங்குகிறது. வட்டமான குளம். கரையோரம் தவளைகள். தண்ணீருக்குள் ஒரு பாம்பு. எங்கே தலையைத் தூக்குகிறதோ அங்கே அருகில் இருக்கும் தவளையை அது பிடிக்கும். ஒவ்வொரு தவளையும் என்ன செய்யும்? நெருங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு தவளைகளுக்கு நடுவில் போய் உட்காரப் பார்க்கும். இப்படி ஒவ்வொன்றும் தாவத் தாவ, கடைசியில் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். ஒற்றுமையால் வந்த குவியல் இல்லை அது. ஒவ்வொன்றும் தனக்கும் பாம்புக்கும் நடுவில் இன்னொன்றை வைத்துக்கொள்ளப் பார்த்ததால் வந்தது. இதைப் படித்தபோது நான் எடுத்து வைத்திருந்த படங்கள் நினைவுக்கு வந்தன. திரள் ஓரத்தில் இருந்த மீன் நடுவுக்குள் நுழைய, நடுவில் இருந்தது ஓரத்துக்கு வர, ஓயாமல் நடந்த அந்தச் சுழற்சியைத்தான் நடனம் என்று நான் பெயரிட்டுச் சேமித்திருந்தேன்.

இன்னொன்று நம் வீட்டுச் சாக்கடையோரம்வரை தெரிந்த கப்பி மீனைப் பற்றியது. டிரினிடாட் தீவின் மலையோடைகளில் கப்பிகள் இயற்கையாக வாழ்கின்றன. அருவிகளுக்குக் கீழே, அவற்றைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கும் பகுதிகளில், கப்பிகள் நெருக்கமான கூட்டமாக நீந்தும். அருவிக்கு மேலே, பெரிய மீன்கள் ஏறிவர முடியாத இடங்களில், அதே கப்பிகள் தளர்ந்து பரவி இருக்கும். பெனோனி செகர்ஸ் 1974இல் இதை எழுதினார். ஒரே மீன், ஒரே மலை, நடுவில் ஓர் அருவி. கூட்டத்தின் இறுக்கம் அங்கே யார் யாரைத் தின்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. என் டெட்ராக்கள் மூன்றாவது வாரத்தில் கலைந்தபோது, இது அருவிக்கு மேலே உள்ள இடம் என்று அவை தெரிந்துகொண்டிருக்கின்றன. நான்தான் அவற்றை அருவிக்குக் கீழே தள்ளினேன்.

என்னை அதிகம் வருத்தியது மூன்றாவது ஒன்று. தேனீக்களின் நடனத்தைப் படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938இல் ஒரு சிறிய ஆற்றுமீனைப் பற்றி எழுதினார். காயம்பட்ட ஒரு மீனின் தோலிலிருந்து ஏதோ ஒரு பொருள் தண்ணீரில் கசிகிறது. அதை முகர்ந்ததும் கூட்டத்தின் மற்ற மீன்கள் மிரண்டு ஓடுகின்றன. கெண்டை இனத்துக்கும் டெட்ரா இனத்துக்கும் இந்த எச்சரிக்கை மணம் பொது. ஆற்றில் நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அது எங்கே போகும்? ஒன்றை இழந்த தண்ணீரிலேயே அடுத்த நாளும் அவை நீந்தின. அதே தண்ணீரை வடிகட்டி மணிக்கு நான்கு முறை சுற்றிச் சுற்றி அவற்றிடமே கொண்டுவந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியென்றால் கூட்டம் என்பதே பயம்தானா, தனியாக விட்டால் நிம்மதியாக இருக்குமா என்று கேட்டால், வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்த அந்த முதல் ஜோடி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாக இருந்தபோது அவை வெளியே வரவேயில்லை. பன்னிரண்டாக இருந்தபோதுதான் ஒன்று தனியே போய் வேர்க்கட்டையின் அடியில் கொத்தியது. திரும்பிப் பார்த்தால் பதினொன்று இருக்கின்றன என்பதால்தான் அந்தப் பன்னிரண்டாவது மீனால் விலகிப் போக முடிகிறது. இது எனக்குப் புரிய ஒரு ஜோடியும் மூன்று மீன்களும் ஆயின. ஆகவே மிச்சம் இருந்த ஒன்பதோடு இன்னும் ஒன்பது வாங்கினேன். வேறு ஒரு சிறு தொட்டியில் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு சேர்த்தேன். கடைக்காரர் வழக்கம்போலப் பத்தாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஒன்று போகிற வழியிலேயே இறந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பதும் பிழைத்தன.

ஏஞ்சல் போன பிறகு பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்படியும் பழைய ஒன்பதும் கலைய பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலை அப்பா நாற்காலியை மறுபடியும் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டார்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் இரவு பத்தரை மணிவரை வெடித்தார்கள். பகலிலேயே பழைய போர்வை ஒன்றை மடித்து அப்பா தொட்டியின் நான்கு பக்கமும் சுற்றிவிட்டிருந்தார். ஒளி தடைப்பட்டது, அதிர்வைத் தடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் தொட்டியின் நீர்மட்டம் சிலிர்ப்பது மேலிருந்து பார்க்கத் தெரிந்தது. மறுநாள் காலை போர்வையை எடுத்தபோது பதினெட்டும் இடக்கோடிச் செடியடியில் ஒரே திரளாக நின்றன. எண்ணுவது அன்று மிகவும் எளிதாக இருந்தது. வீட்டில் விருந்துக்கு வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, "இன்றைக்குத்தான் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கின்றன!" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் தீனியைத் தூவினார். ஒன்றும் வரவில்லை. நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பத்தேகால் மணிக்கு ஒன்று மட்டும் வெளியே வந்தது. ஒரு சாண் தூரம் வந்து நின்றது. பிறகு மணலில் கிடந்த வாதுமை இலையின் விளிம்பில் ஒரு துகளைக் கொத்தியது. அந்த இலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது.